படத்தில் இல்லாத பொன்னாடை

"அப்பா கையெழுத்து போட்ட அந்தத் தாளத் திருப்பிக் குடுங்க."

இதைத்தான் கேட்கக் கூடாது என்று பாகூரிலிருந்து வேனில் வரும் வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அவர்களாகக் கூப்பிட்டு, வண்டி வைத்து அழைத்துப் போகிறார்கள். கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்பதைப் போல அசிங்கம் வேறு இல்லை. அப்பா சுப்பராயலு நெல்லும் கரும்பும் பயிர் வைப்பவர். பேன்ட் போட்ட யார் காகிதம் நீட்டினாலும் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் அது என்னவென்ற கேள்வி. நான் அக்காவுக்குச் செருப்பு மாட்டிய இரண்டு நிமிடத்தில், வேன் பேனட் மேல் வைத்துப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். என்னிடம் காட்டவில்லை.

அர்ச்சனா மேடம் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். "எதுக்குங்க கல்பனா? எல்லாருக்கும் உள்ள ஃபார்ம்தான் அது."

என் அக்கா ஆண்டாளுக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம். குக்கர் விசிலடித்தால் கொல்லைக்கு ஓடுவாள். புதுத்துணியும் ஜரிகையும் தோலில் பட்டால் நெருப்பு பட்டதைப் போலத் துடிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு நலத்திட்ட விழாவில் மேடையேற்றி, மாலை போட்டு, பட்டாசு வெடித்தார்கள். அன்று தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் தெருமுனையைக்கூட அவள் தாண்டியதில்லை. இன்றுதான் முதல்முறை. இன்றும் அப்படி ஆனால் இனி வாசலுக்கும் வரமாட்டாள். எனக்கு அந்தப் பயம்தான்.

டவுனில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இனி மாதம் ஒருமுறை அன்று காலை இவளைப் போன்றவர்களுக்காக மட்டும் திறப்பார்களாம். பாதி விளக்கு, மின்விசிறி கிடையாது, வேறு ஆட்கள் கிடையாது. அமைதி நேரம் என்று பெயர். கிராமத்து ஆட்களுக்கு ஓர் அமைப்பு வேன் அனுப்பியது. அர்ச்சனா மேடம் அந்த அமைப்பின் ஆள்.

ஃபோன் வந்த நாளே எனக்குச் சந்தேகம். எந்தச் சத்தம் ஆகாது என்று கேட்பதற்கு முன்னால், "நல்லா சிரிப்பாங்களா?" என்று கேட்டார். பாவாடை தாவணியில் வந்தால் அழகாக இருக்கும் என்றார். நான் நைந்த பருத்திச் சுடிதாரில்தான் அழைத்து வந்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படப் புத்தகம் அனுப்பினார்கள். பதினான்கு படம். வேன், கேட், படிக்கட்டு, கூடம், மண்ணில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி, மறுபடி வேன். என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்று அவள் முன்பே தெரிந்துகொள்ள. மூன்று வாரம் என் ஃபோனை அவள்தான் வைத்திருந்தாள். அதை நம்பித்தான் வேனில் ஏறினாள். உள்ளே எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. தாழி முன்னால் போய் நின்றவளின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவர்கள் கொடுத்த காது மூடி அவள் தலையில் இருந்தது. அதில் அமைப்பின் பெயர் ஸ்டிக்கர், படம் எடுத்தால் தெரியும் பக்கமாகவே ஒட்டியிருந்தது. அதையும் கவனித்தேன்.

கழிப்பறை எங்கே என்று பார்க்கப் பின் வராண்டாவுக்குப் போனேன். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, செய்தித்தாள் சுற்றிய குத்துவிளக்கு, ஸ்பீக்கர், ஒரு தட்டில் அடுக்கிய ஜரிகைப் பொன்னாடைகள். படம் எடுப்பவர் பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துதான் தாளைக் கேட்டேன்.

"பத்தே நிமிஷம். கெஸ்ட் வருவாங்க. பொன்னாடை போட்டு ஒரு போட்டோ. மைக்ல கூட சவுண்டு கம்மியா வைக்கச் சொல்லியிருக்கேன்."

"அமைதி நேரத்துக்கு மைக்கா?"

"தொடக்க விழாங்க. சும்மா எப்படித் தொடங்கறது?"

உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நம் ஊரில் விளக்கேற்றாமல், துணி போர்த்தாமல் எது தொடங்கியிருக்கிறது? பதினான்கு படம் எடுத்தவர், இந்த விழாவுக்கும் பதினைந்தாவது படம் ஒன்று தேவைப்படும் என்று யோசிக்கவே இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார். போட்டோ இல்லாவிட்டால் வேன் கொடுத்தவர்கள் அடுத்த மாதம் கொடுக்கமாட்டார்களாம். அதை நம்பினேன். நம்பியதால் கோபம் இன்னும் ஏறியது.

ஒதியம்பட்டிலிருந்து மகளோடு வந்திருந்த கோகிலாம்பாள் அக்கா எழுந்து வந்தார். "உனக்கு வேணாம்னா நீ போம்மா. எம் பொண்ணு இதுக்காவது வூட்ட வுட்டு வெளிய வர்றா. கெடுத்துடாத."

அவர் சொன்னது தப்பில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்டி, நாலு பேரு பாக்கறாங்க," என்றார் அப்பா.

தாளைத் திருப்பி வாங்கினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், வண்டி வராது என்றார் அர்ச்சனா மேடம். சரி என்று கையை நீட்டினேன். கொடுத்தார். இரண்டாம் பக்கத்தை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஆண்டாளின் படத்தையும் வீடியோவையும் எங்கே வேண்டுமானாலும், எப்போதும் போட்டுக்கொள்ளலாம்.

"எப்பவுமா?"

"எப்பவும்."

அப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பாகூர் வரை வர ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். வெளியே போனார்.

ஆண்டாள் தாழியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எதையும் மூன்று சுற்று பார்த்தால்தான் நகருவாள். இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கார் ஹாரன் கேட்டது. இழுத்துக்கொண்டு போகலாம். இழுத்தால் நானும் அந்த மேடைக்காரர்களும் ஒன்றுதான். நின்றேன்.

கதவருகே ஸ்டூலில் இருந்த காவல்கார அம்மா, சட்டையில் அமுதம் என்று பெயர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "புதங்கெழம மத்தியானம் ஒண்ணரைக்கு வா. சாப்பாட்டு நேரம், ஈ காக்கா இருக்காது. ஃபேன நான் நிறுத்திடறேன்."

"நீங்க ஏன் நிறுத்தணும்?"

"இது போடற கடகடா சத்தத்துல எனக்கே தலவலி."

இதில் இவருக்கு என்ன லாபம் என்று தேடினேன். அகப்படவில்லை. ஸ்விட்ச் பலகை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"முடிஞ்சுது," என்றாள் ஆண்டாள்.

வாசலுக்கு ஓடி, அப்பா பிடித்து வைத்திருந்த ஆட்டோவை ஃபோனில் படமெடுத்து வந்து அவளிடம் நீட்டினேன். "கடைசிப் படம் மாறிடுச்சு. வேன் இல்ல."

நெடுநேரம் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் கார் கதவுகள் சாத்தப்பட்டன.

"ஆட்டோ," என்றாள்.

முன்வாசல் வழியாகவே இறங்கினோம். எதிரே படியேறி வந்தவர்களில் ஒருவர் ஆண்டாளைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார். நான் அவளுக்கும் அவருக்கும் நடுவில் நடந்தேன். பின்னாலிருந்து அர்ச்சனா மேடம் காது மூடி, காது மூடி என்று கூப்பிட்டார். நான் கழற்றவில்லை. அவர்களுடையதுதான். புதன்கிழமை வரும்போது அமுதம் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.