நேர்ந்துவிட்ட கோழி

சிங்காரியின் தொண்டையில் அந்தச் சத்தம் கேட்ட அன்று பென்னம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. பெரிய சத்தமில்லை. ஈரக் குழலில் காற்றுப் போவதுபோல ஒரு கரகரப்பு. ஒரு கண்ணில் நுரை. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கழுத்தில் இறகில்லாத கோழி என்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் அது படும் பாடு தோலுக்கடியில் தெரிந்தது.

கணவன் குரியன் இறந்து மூன்று வருடமாக, அந்த வீட்டில் பென்னம்மா பேசினால் கேட்க அந்த ஒரு கோழிதான். மாலை ஜெபத்துக்கு விளக்கு வைத்ததும் படியேறி வந்து பாயோரம் உட்காரும். ஆமென் சொன்னதும் எழுந்து போகும்.

வேலிக்கு அப்பாலிருந்து குரியனின் அக்கா அச்சாம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கொட்டகையில் நாற்பது முட்டைக்கோழி. அதுதான் அவளுக்குச் சோறு.

"சளிதான். நல்லா மிளகு தட்டிப் போட்டு வறுத்துடு. உன் சளியும் சேர்ந்து போகும்."

"சேச்சி, வாயைக் கழுவுங்க."

அழுகிற குரலைக் கேட்டதும் அச்சாம்மா இறங்கி வந்தாள். "சரி எடீ, புனிதருக்கு நேர்ந்துக்கோ. பிழைச்சா கோவில் பெருநாளுக்கு இதையே கொண்டுவந்து விடுறேன்னு சொல்லு."

பென்னம்மா அங்கேயே கோழியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள். அச்சாம்மா சாட்சி.

நேர்ந்துகொண்ட கையோடு, கோழியை அட்டைப்பெட்டியில் வைத்துப் பஞ்சாயத்து மிருக ஆஸ்பத்திரிக்கும் போனாள். புனிதர்மேல் நம்பிக்கை இல்லாமலில்லை.

டாக்டர் சின்னப் பெண். கோழியின் மார்பில் காது வைக்காத குறையாகக் கேட்டுவிட்டு ஒரு டப்பா பொடி கொடுத்தாள். அஞ்சு நாள் குடிக்கிற தண்ணியில் கலக்க வேண்டும். கண்ணை இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில் துடைக்க வேண்டும். முட்டையைச் சாப்பிடக் கூடாது.

"பிழைச்சிடும் அம்மா. ஆனா கிருமி முழுசாப் போகாது. உள்ளேயே பதுங்கிக்கும். பார்க்க நல்லா இருக்கும், பக்கத்துல நிக்கிற கோழிக்கு ஒட்டவெச்சிடும். இதை யாருக்கும் கொடுக்காதீங்க. எதோடயும் சேர்க்காதீங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"சாகுற வரைக்கும்."

பென்னம்மாவுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்கும் கொடுக்க வேண்டாம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நேர்ச்சை நினைவுக்கு வந்தது.

அஞ்சாம் நாள் சிங்காரி படியேறி வந்து பாயோரம் உட்கார்ந்தது.

பெருநாளன்று விடிந்ததும் அச்சாம்மா குளித்து உடுத்து வாசலில் நின்றாள். "புறப்படலையா?"

"கோழிக்குப் பதிலாக் காசு போட்டா ஆகாதா சேச்சி?"

"காசுன்னா நேர்ந்தே? குரியனும் இப்படித்தான். நெஞ்சுவலி நின்னா முட்டிபோட்டுக் கோவிலைச் சுத்துறேன்னு நேர்ந்தான். நின்னதும் அடுத்த மாசம், அடுத்த மாசம்னான். அடுத்த மாசம் பெட்டியில போய்ச் சுத்தினான்."

டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று பென்னம்மா வாயெடுத்தாள். 'நோய்க்கோழியையா புனிதருக்கு நேர்ந்தே?' என்று ஊர் கேட்கும். குரியனின் பெட்டியும் கண்முன் வந்து நின்றது. கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

கோவில் முற்றத்தில் பெரிய கம்பிக்கூண்டு. அறுபது எழுபது கோழி இருக்கும். கோவில் வரவுசெலவு பார்க்கும் கைக்காரர் சிங்காரியை வாங்கிக் கூண்டைத் திறந்தார்.

"இதைத் தனியா வைக்க முடியுமா?"

"ஏன், இது மெத்தையில படுக்கிற கோழியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பென்னம்மா வரிசையைவிட்டு விலகினாள்.

பூசை முடிந்து ஏலம். கோழிகள் ஒவ்வொன்றாகக் கால் கட்டப்பட்டு, ஸ்கூட்டரிலும் பையிலும் திசைக்கொன்றாகப் போயின. பென்னம்மா போகிற ஒவ்வொன்றையும் பார்த்தாள். பாதிக்குமேல் வாங்கியது கள்ளுக்கடை அவுதக்குட்டி. அவன் வாங்கினால் சாயங்காலத்துக்குள் சட்டி.

சிங்காரியைத் தூக்கிக் காட்டினார்கள். அது கூட்டத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. அவுதக்குட்டி கேட்டான்.

பென்னம்மா கண்ணை மூடினாள். புனிதரே, அவனுக்கே கிடைக்கட்டும். கொதிக்கிற சட்டியோடு முடிந்துவிடும். குரியனுக்காகக்கூட அவள் இவ்வளவு உருகி வேண்டியதில்லை.

"அம்பது கூட" என்று ஒரு பெண்குரல்.

கண்ணைத் திறந்தாள். அச்சாம்மா. முட்டை விற்ற காசை முடிச்சோடு கையில் பிடித்திருந்தாள். அவுதக்குட்டி ஏற்றினான். அவளும் ஏற்றினாள். கடைசியில் அவன் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோங்க சேச்சி, அந்தக் கழுத்துல கறியா இருக்கு?" என்று விட்டுக்கொடுத்தான்.

அச்சாம்மா கோழியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெட்கத்தைப் பென்னம்மா பார்த்ததில்லை.

"நேர்ந்தது திரும்ப உன் முற்றத்துக்கு வரக் கூடாது. என் கொட்டகையில இருக்கட்டும். வேலியில நின்னா நாள்தோறும் பார்த்துக்கலாம். ராத்திரி அழாம தூங்கு."

"கொட்டகையில விடாதீங்க சேச்சி. தனியாக் கட்டிப்போடுங்க."

"ஏன்?"

"புது இடம். மத்ததுங்க கொத்தும்."

"நாலு கொத்து வாங்கினாத்தான் பழகும். நான் உன் நாத்தி, நீ என்கிட்ட வாங்காததா?"

சொல்ல வேண்டியதைச் சொல்ல அவ்வளவு இடம் இருந்தது. பென்னம்மா சிரித்துவைத்தாள்.

பத்தாம் நாள் காலை, வேலிக்கு அப்பாலிருந்து அந்தக் கரகரப்பு கேட்டது. ஒன்றல்ல. கொட்டகை முழுக்க. அதன் நடுவே சிங்காரி மட்டும் தெளிவாகக் கொக்கரித்தது.

மீதியிருந்த பொடியை எடுத்துக்கொண்டு பென்னம்மா ஓடினாள். அதே டாக்டரிடம் போய் இன்னும் இரண்டு டப்பா வாங்கினாள். எத்தனை கோழி என்று டாக்டர் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எத்தனையோ கண்களை உப்புத் தண்ணியில் துடைத்தாள். ஒன்பது செத்தன. பிழைத்தவை முட்டையை நிறுத்திவிட்டன.

"நீ இல்லேன்னா நாற்பதும் போயிருக்கும்" என்றாள் அச்சாம்மா. கோவிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றாள். பென்னம்மா தலையைக் குனிந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசி வேளை மருந்து கலக்கும்போது அச்சாம்மா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அடுத்த பெருநாளுக்குப் பத்துக் கோழி நேர்ந்திருக்கேன்."

பென்னம்மாவின் கை நின்றது. "வேண்டாம் சேச்சி."

"ஏன்?"

வாளியில் பொடி அடியில் படிந்திருந்தது.

"பத்து அதிகம்" என்றாள் பென்னம்மா.

"போடீ. உன்னோட ஒரு கோழியையே காப்பாத்தினவர். எனக்கு இத்தனையைக் காப்பாத்தியிருக்கார். கஞ்சத்தனம் பண்ணுவேனா?"

பென்னம்மா கையை உள்ளே விட்டுக் கலக்கத் தொடங்கினாள். பொடி கரைந்தது. கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தாள்.