இடது பக்கக் கதவு

மனைவி கிளம்பும்போது பெயிண்டர் கட்டிலில் உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தால் போகாதே என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. இன்றுதான் முதல் நாள். தண்ணீர், மாத்திரை, மூச்சில் இழுக்கும் மருந்து, போன் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தவள், வைத்ததையே மறுபடி ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தாள்.

“சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவேன். எடுக்கலைன்னா அப்படியே போட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் அந்த வேலை எனக்கு இல்ல, பார்த்துக்கங்க.”

“எடுக்கிறேன், போ.”

நுரையீரல் கெட்ட பிறகு அவர் வீட்டில் தனியாக இருந்ததே இல்லை. அவள் குளிக்கப் போனால் இவருக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கும். அதனால் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்தே எதையாவது பேசிக்கொண்டுதான் குளிப்பாள். சமையலறையில் வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டுவாள். சத்தம் நின்றால் இவருக்கு இழுக்கும். ஒருத்தியைக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். அவரிடம் இல்லை.

மருத்துவமனையின் பின்புறம், புழக்கத்தில் இல்லாத ஒரு எக்ஸ்ரே அறையில், அவரைப் போன்றவர்களுக்கு வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். பேசவைக்க ஒரு மனநல ஆலோசகர், சின்னப் பெண். முதல் கூட்டத்திலேயே அவளை மடக்கியவன் ஒரு பழைய பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் ‘ரைட்டு’ என்று முடிப்பான் என்பதால் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

“மேடம், எங்களுக்குக் கெட்டுப்போனது நெஞ்சு. நீங்க மண்டையப் பார்க்க வந்திருக்கீங்க. பஸ் மாறி ஏறிட்டீங்களா? ரைட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் இருமினார்கள். அந்த அறையில் ஒரு ஜோக்குக்கு ஆகும் செலவு அதிகம்.

அந்தப் பெண் இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள். மூச்சு போய்விடுமோ என்ற பயம் இருக்கிறதே, அது இருக்கிற மூச்சிலும் பாதியைத் தின்றுவிடுகிறது என்றாள். பெயிண்டருக்கு அதைக் கேட்டுக் கோபமும் வரவில்லை, நம்பிக்கையும் வரவில்லை. அவள் எல்லோரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டாள். மூச்சு முட்டுகிறவர் தன் ஜோடிக்குப் போன் போட வேண்டும். பேச வேண்டியதில்லை. எடுத்தவரும் என்ன, ஏது என்று ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, பதில் சொல்வதற்கும் மூச்சு செலவாகும். எடுத்தவர் எதையாவது பேசிக்கொண்டே இருக்க, மற்றவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மூச்சை வாயால் மெதுவாக ஊதி விட வேண்டும். பெயிண்டருக்கு ஜோடி ரைட்டு.

ரைட்டு முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டபோது பெயிண்டருக்குப் பேச ஒன்றுமே தோன்றவில்லை. தெரிந்தது கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும்தான். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்கச் செய்த வேலை. நுரையீரலைத் தின்றதும் அதுதான். பேச்சிலேயே ஒரு காரின் இடது பக்கக் கதவை அடிக்கத் தொடங்கினார். ஸ்ப்ரே கன்னை அழுத்தி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போகும்வரை ஊது, ஓரம் தாண்டியதும் விரலை எடு, மூச்சை இழு. அது பலித்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே கதவுதான். ஒருநாள் கூட்டத்தில் ரைட்டு எல்லோர் முன்னாலும் சலித்துக்கொண்டான். “யோவ் பெயிண்டரே, அந்த ஒத்தக் கதவையே எத்தனை தடவைதான்யா அடிப்பே? வண்டிக்காரன் எப்பதான் வண்டிய எடுக்கறது?”

பெயிண்டர் அவனை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. இவருக்கு ஜோடி வீட்டிலேயே இருந்தாள்.

மனைவியின் காலடிச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. ஆக்சிஜன் மெஷின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து அது ஏறியது, தோள்கள் காது வரை தூக்கிக்கொண்டன. போனை எடுத்து ரைட்டின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, ரைட்டின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

எடுத்தார். வெறும் மூச்சுதான் கேட்டது. இழுத்து, நடுவில் வெட்டி, மறுபடி இழுத்து. இவ்வளவு மோசமாக அவன் திணறி இவர் கேட்டதில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதுதானே சட்டம்.

“சரி, சரி. முன்னால குனிஞ்சுக்கோ. கையை எதுலயாவது ஊனிக்கோ. இடது பக்கக் கதவு. மேலேருந்து வர்றோம். அழுத்து. ஊது... மெதுவா, அவசரப்பட்டா பெயிண்ட் வழிஞ்சிடும். விரலை எடு. இழு. அடுத்த வரி, கொஞ்சம் கீழ.”

அந்தப் பக்கத்து மூச்சு அவர் கட்டுக்குள் வரவில்லை. நடுநடுவே கீச்சென்று ஒரு சத்தம் வேறு. சளி அடைத்திருக்கும் என்று நினைத்தார். கைப்பிடியைச் சுற்றி அடித்தார், கீழ் விளிம்பு வரை வந்தார், காய விட்டார், இரண்டாவது கோட்டிங்கை ஆரம்பித்தார். பாதிக் கதவில்தான் அந்தப் பக்கத்து மூச்சு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கியது. ஊதும் இடத்தில் ஊதியது, இழுக்கும் இடத்தில் இழுத்தது. தன் தோள்கள் எப்போதோ இறங்கிவிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“அண்ணே” என்றது ஒரு பெண்குரல்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

“நான் அவர் வீட்ல பேசறேன். அவர் இல்லண்ணே. விடியறப்பவே போயிட்டாரு. யார்கிட்டயாவது சொல்லணும்னு அவரு போனை எடுத்தேன், உங்க பேருதான் மேல இருந்துச்சு. வாயத் திறந்தா பேச்சு வரல.”

புருஷனுக்காக அழுதுகொண்டிருந்தவளை இவ்வளவு நேரமும் அழவிடாமல் நிறுத்தி, பெயிண்ட் அடிக்க வைத்திருக்கிறார். எப்படி ஆனது என்று கேட்க நினைத்தார். இத்தனை நாள் கேட்காமலே இருந்த வாய் இப்போதும் கேட்கவில்லை.

“அந்தக் கதவு முடிஞ்சுதாண்ணே?”

“இல்லம்மா. ரெண்டாவது கோட்டிங் பாதியில நிக்குது.”

“முடிங்க.”

முடித்தார். அவள் மீதிக் கதவு முழுக்க ஊதினாள். அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. போனில் யார் என்று ஓர் ஆண்குரல் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

போனை மடியில் வைத்துக்கொண்டு, ஏதாவது வரும் என்று காத்திருந்தார். அழுகையோ பயமோ வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு ஈறைத் தொட்டுப் பார்ப்பதுபோல ரைட்டு, ரைட்டு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மரத்துக் கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“ரைட்டு வீட்டுக்குப் பேசிட்டிருந்தேன்.”

“என்ன சொல்றார் அவர்?”

சொன்னால் மடித்தது மடிக்காதது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாள். நாளையிலிருந்து மறுபடியும் ஒருக்களித்த கதவுக்குள் பேசிக்கொண்டே குளிப்பாள்.

“ஒண்ணும் சொல்லல. நீ சாப்பிடு.”

அவள் நம்பினாள். ஒவ்வொரு விரிப்பும் நம் வீட்டு அகலம் இருக்கிறது, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் மடிக்க முடியும், கூட மடிப்பவள் இழுத்த இழுப்பில் ஒருமுறை குப்புற விழப் பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. ‘ம்’ என்றார். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றாள். அதற்கும் ‘ம்’ என்றார்.

போனை வைத்தபோது வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, சுவர் வழியாக வழிந்துகொண்டிருந்தது. யாராவது வந்து மோட்டாரை நிறுத்துவார்கள் என்று ஜன்னல் வழியே பார்த்தபடி இருந்தார். யாரும் வரவில்லை. தண்ணீர் வாசல் முழுக்கப் பரவி, யாரோ கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்புகளுக்கு அடியில் புகுந்தது. அந்த ஜோடிச் செருப்புகள் அசைந்து, ஒன்று முன்னால், மற்றது சற்றுப் பின்னால், தெருவை நோக்கி நகரத் தொடங்கின.