நடப்பு மாத வாடகை

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநருக்கு வேண்டியிருந்தது தம் சொந்த வீட்டின் கீழ்த்தளம் மட்டுமே. அவருடைய மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குச் செல்ல, அந்த அம்மையாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, மாடியிலிருந்து இருவர் தூக்கி இறக்க வேண்டும். ஒருபுறம் நடத்துநர் பிடிப்பார். மறுபுறம் பிடிப்பவர், கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு எட்டு மாத வாடகையைப் பாக்கி வைத்திருந்த சோபாக்காரர்.

கீழ்த்தளத்துக்குப் பதிலாக மாடியை எடுத்துக்கொள்ளும்படியும் நடத்துநர் கேட்டுப் பார்த்தார். பழுதுக்கு வரும் சோபாக்கள் அந்தக் குறுகிய படியில் திரும்பாது என்றார் சோபாக்காரர். அது பொய்யும் அன்று. வேறு வழி தோன்றாமல்தான் நடத்துநர் வழக்குக்குப் போனார்.

குடித்தனத்தை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் அனுப்பியபோதே அவருடைய வக்கீலம்மா எச்சரித்திருந்தார். பூட்டை மாற்றக் கூடாது. தண்ணீரை நிறுத்தக் கூடாது. சாமான்களைத் தெருவில் வைக்கவே கூடாது. நடத்துநர் அவற்றை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். ஒருமுறை மோட்டார் தானாகவே பழுதானபோது, வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடுமோ என்று பதறி, கீழ்வீட்டுக்குக் குடம் குடமாகத் தாமே தண்ணீர் சுமந்தார்.

விசாரணை நாளன்று, எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு ரசீதை நீட்டினார். வழக்கு அங்கேயே சாய்ந்துவிட்டது.

"நோட்டீஸ் கெடு முடிஞ்சப்புறம் சோபாக்காரர்கிட்ட பணம் வாங்கினீங்களா சார்?" வக்கீலம்மா வராந்தாவில் கேட்டார்.

"அவரு சம்சாரம் கொண்டாந்து குடுத்துச்சும்மா. பாதி வாடகைதான்."

"சரி, வாங்கினீங்க. ரசீது எதுக்கு சார்?"

"காசு வாங்கிட்டு சீட்டு குடுக்காம எப்படிம்மா? சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்ல நான்."

"பழைய பாக்கின்னாவது எழுதியிருக்கலாமே! நடப்பு மாச வாடகைன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"காசு கைக்கு வந்தது அந்த மாசம்தானேம்மா? எப்பவோ இறங்கிப் போன ஸ்டாப்புக்கு இப்ப எப்படிச் சீட்டு கிழிக்கிறது?"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடத்துநரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"அவரு இனிமே நம்ம குடித்தனக்காரரே இல்லைன்னு நாம சொல்றோம். நீங்க அதுக்கப்புறமும் வாடகை வாங்கி, கையெழுத்தும் போட்டிருக்கீங்க. அப்ப குடித்தனம் தொடருதுன்னு ஆயிடுச்சு. திரும்ப நோட்டீஸ்லேருந்து ஆரம்பிக்கணும் சார். ஒரு வருஷம் ஆகும். மேலயும் இழுக்கலாம்."

அம்மையாருக்கு அவ்வளவு காலம் இருக்குமா என்று மருத்துவமனையில் எவரும் உறுதி கூறியதில்லை. நடத்துநர் அதைச் சொல்லவில்லை. "உங்களுக்குத்தாம்மா வீண் சிரமம்" என்று கைகூப்பிவிட்டு வந்தார்.

மறுநாள் டயாலிசிஸ். பசை ஒட்டிய விரல்களுடன் சோபாக்காரர் மேலே வந்து, வழக்கம்போல நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? முதல்ல என்னைத் தூக்குங்க" என்றார் அம்மையார்.

பாதிப் படியில், மூச்சு வாங்குவதற்காக நாற்காலியை இறக்கி வைத்தார்கள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சோபாக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த தடவைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. அக்கா தவறி விழுந்துட்டா, நான் வேணும்னே தள்ளிட்டேன்னு கேஸாயிடுமாம். எங்க வக்கீல் சொல்லிட்டாரு."

"நான் அப்படிச் சொல்ற ஆளா தம்பி?"

"நோட்டீஸ் அனுப்பற ஆளுன்னும் நான் நினைக்கலையே அண்ணே."



"நீதான் வேற இடம் பாத்திருக்கலாமே தம்பி?" என்றார் அம்மையார் மெதுவாக.

"அட்வான்ஸுக்கு எங்க போவேன் அக்கா? இப்பல்லாம் பழைய சோபாவத் தைக்க யாரு குடுக்கறாங்க? கிழிஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடறாங்க."

கீழே வாடகைக் கார் ஒலி எழுப்பியது. இருவரும் குனிந்து மீண்டும் தூக்கினார்கள்.

"இன்னிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார் அம்மையார், எவரையும் பார்க்காமல். "அடுத்த தடவை டயாலிசிஸே வேணாங்க. இதோட போதும்."

நடத்துநர் தலையை வேகமாக அசைத்தார். அவர் பின்னால் இருந்ததால் அம்மையாருக்கு அது தெரியவில்லை. பேச வாயெடுத்தால் பிடி நழுவிவிடும் போலிருந்தது. அவர் அடுத்த படியில் காலை வைத்தார்.