ஊர்க்காரனுக்கு வழி

சவப்பெட்டி வண்டியை மலையடிவாரத்திலேயே கை காட்டி நிறுத்தினார் போலீஸ்காரர். சைக்கிள் பந்தயம் வருகிறது, அது முடியும்வரை ஒரு வண்டியும் மேலே ஏறக்கூடாது என்றார்.

நிவெஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா அர்மீதோவின் பழைய பந்தயக் கூட்டாளிகள் எல்லோரும் ஊருக்கு வரும் நாள் என்றுதான் அடக்கத்தை இன்றைக்கு வைத்தாள். எதைப் பார்க்க வருகிறார்கள், அது எந்தப் பாதையில் போகும் என்பது மட்டும் உறைக்கவில்லை. சைக்கிள்காரர் பெற்ற பெண்ணின் லட்சணம் இது. கல்லறை இருப்பது மலை உச்சியில், அம்மாவுக்குப் பக்கத்தில். பாதை திறப்பதற்குள் இருட்டிவிடும். குழி வெட்டுகிறவர் போய்விடுவார், அப்பாவை மறுபடி குளிர்ப்பெட்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

"அர்மீதோ உசுரோட இருந்தப்பவும் இந்த மலைய நேரத்துக்கு ஏறினதில்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கறுப்புக் கோட்டு போட்ட கூட்டாளிக் கிழவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். நிவெஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குச் சைக்கிள் மிதித்தும் அப்பா ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவர் வேலையும் இல்லை. அணித்தலைவர் காலியானோவுக்குத் தண்ணீர் சுமப்பார், காற்றை மறைத்து முன்னால் மிதிப்பார், தலைவரின் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார். அதையெல்லாம் வீட்டில் தானே ஜெயித்த மாதிரி சொல்வார்.

அந்தக் காலியானோ இப்போது காரிலிருந்து கைத்தடியோடு இறங்கினார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கை நீட்டினார். வழி விடச் சம்மதிக்கும்வரை கிழவர் அந்தக் கையை விடவில்லை.

"பந்தயத்துக்கு முன்னாடி விளம்பர வண்டிங்க வரும், அதுக்குள்ள ஏறிடுங்க சார். உங்க கார் முன்னாடி போகட்டும், உங்களப் பாத்தா யாரும் மறிக்க மாட்டாங்க. எங்கயும் நிக்காதீங்க."

பாதையின் இருபுறமும் ஜனங்கள் ஒயினும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். காலியானோவைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள், பின்னால் வரும் வண்டியைப் பார்த்து எழுந்தார்கள். மலர்வளையத்தில் பெயரைப் படித்த யாரோ கைதட்ட, அது மலை முழுக்கப் பரவியது. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த நிவெஸ் தன்னையறியாமல் கல்யாணப் பெண் மாதிரி கையசைத்தாள். சந்தோஷமாக இருந்தது. அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

உச்சியில் தோரணத்துக்குக் கீழே, பந்தயத்தில் யார் முதலில் என்று பார்க்கும் வெள்ளைக்கோடு. அதற்கு முன்னால் காலியானோவின் கார் ஓரம் கட்டி நின்றது. அவர் இறங்கினார்.

"மாமா, நிக்கக் கூடாதுன்னாரே" என்றாள் நிவெஸ்.

ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போனால் மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அவனை முன்னே விடுவது வழக்கம். அவன் போய் வீட்டாருக்கு முத்தம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வான்.

"பந்தயம் இந்த ஊர் வழியா வந்த அன்னைக்கு அவனுக்கு வழி விட்டோம். எனக்குத் தண்ணி எடுக்கணும்னு பின்னால போயிட்டான். உங்கம்மா உன்னத் தூக்கிட்டு இங்கதான் நின்னா."

அவர் வண்டியின் பின்கண்ணாடியைத் தட்டினார்.

"முன்னாடி போடா. வீட்டுக்காரி காத்துக்கிட்டிருக்கா."

வண்டி கோட்டைத் தாண்டியது. அது கல்லறை வாசலில் திரும்பும்வரை காலியானோ கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்.