பகலில் எரியாத விளக்கு

ஜவ்வாது மலையில், புளியமரத்து வளைவில் ஒரு சோலார் விளக்கு நிற்கிறது. அதைத் திறந்து வைத்தவர்களின் பெயர்ப்பலகை, விளக்குக்கு மேலே இருக்கும் சோலார் தகட்டைவிடப் பெரியது. விளக்கு அணைந்து பல மாதமாகிறது. பலகைக்கு ஒரு குறையும் இல்லை.

ஒடுகத்தூரிலிருந்து வரும் கடைசி பஸ் அந்த வளைவில்தான் நிற்கும். நர்சிங் படிக்கும் நதியா அங்கே இறங்கி, காட்டோரமாக வீட்டுக்கு நடப்பாள். போன வாரம் பாதையில் கரடி நின்றது. அன்றே அவள் அப்பா வேடியப்பன் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “லைட் எரிஞ்சா போவட்டும். இல்லன்னா படிச்சது போதும்.”

விளக்கைப் போட்ட கம்பெனிதான் ஐந்து வருடம் பழுது பார்க்க வேண்டும். பழுது என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால். அந்த ஐந்து வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது.

அதிகாரி கோபால்சாமி ஒழுங்கானவர். ஒவ்வொரு முறையும் நல்ல வெயிலில் செங்கத்திலிருந்து தானே ஜீப் ஓட்டி வருவார். அண்ணாந்து பார்ப்பார். ‘பகலில் எரியவில்லை, விளக்கு நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போவார். கீழே டவுனில் பகலெல்லாம் எரியும் விளக்குகளுக்காகத் திட்டு வாங்கி வாங்கி, எரியாத விளக்கைக் கண்டாலே அவருக்கு ஒரு மரியாதை.

இந்த முறையும் பேனாவைத் திறந்தார்.

“சார், ராத்திரியிலயும் எரியலிங்க,” என்றாள் நதியாவின் அம்மா செந்தாமரை.

“நான் பாக்கலியேம்மா. பாக்காதத எப்படி எழுதறது?”

“இருந்து பாத்துட்டுப் போங்க. சாமைச் சோறு ஆக்கறேன்.”

“இருட்டறதுக்குள்ள நான் மலை எறங்கணும்.”

“அப்ப ராத்திரிய இப்பவே இட்டாறேன்.”

கருப்புக் கம்பளியும் புளி உலுக்கும் துறட்டியுமாக வந்தாள். துறட்டி நுனியில் கம்பளியை மாட்டித் தூக்கி, தகட்டின் மேல் போர்த்தினாள். வெயில் மறைந்தால் இரவென்று எண்ணி எரிவதுதான் அந்த விளக்கின் குணம். எரியவில்லை.

கோபால்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு மணிக்கு மேலதாம்மா ராத்திரி. இது போலி.”

ஆடு ஓட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் நின்றாள். “அசல் ராத்திரிக்குத்தான் நீ இருக்க மாட்டேன்றியே சாமி! இன்னா, கரடிக்குப் பயமா?”

கோபால்சாமி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். “பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு சரியா தெரியாதும்மா. ஆபீஸ்ல சொல்லல. இந்த வளைவெல்லாம் ஒரே இருட்டா நிக்கும்.”

செந்தாமரையின் குரலும் இறங்கியது. “அந்த இருட்டுலதான் சார் எம்பொண்ணு தெனம் எறங்குது. நீங்க எழுதலன்னா அவங்கப்பா படிப்ப நிறுத்திடுவாரு.”

அவர் கம்பளியைப் பார்த்தார். பிறகு எழுதினார்: ‘இரவில் ஆய்வு செய்யப்பட்டது. எரியவில்லை.’ ‘நேரம்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

மாதம் முடிவதற்குள் புது பேட்டரி வந்தது. கூடவே மறுதிறப்பு விழாவும் வந்தது, உச்சி வெயிலில். பிரமுகர் பட்டனை அழுத்தினார். செந்தாமரை துறட்டியைத் தூக்கினாள். கம்பளி ஏறியது, விளக்கு எரிந்தது. “விளக்குக்கும் பொன்னாடையா! என்ன பண்பாடு!” என்று பிரமுகர் நெகிழ்ந்துபோனார்.

அன்று கடைசி பஸ்ஸிலிருந்து நதியா இறங்கியபோது, வெளிச்சத்தின் நடுவில் வேடியப்பன் நின்றிருந்தார்.

“லைட்டுதான் எரியுதே. நீ இன்னாத்துக்குப்பா வந்த?”

“எரியுதான்னு பாக்கத்தான்.” அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். “நாளிக்கும் வந்து பாக்கணும்.”