மாமனாரின் ரிமோட்டும் மேசை விளக்கும்

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் மாமனார். தான் கைகாட்டினால்தான் வண்டி நகரும் என்று பழகிப்போன மனிதருக்கு ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரவைத்தால் சும்மா இருப்பாரா? மூன்று மாசம் முன்னால் ஒரு ரிமோட் வாங்கினார். டிவி, ஸ்பீக்கர், படம் போடும் பெட்டி, வீட்டிலிருந்த ஒன்பது விளக்குகள், எல்லாமே அந்த ஒன்றுக்குள் அடக்கம். எலெக்ட்ரீஷியன் வந்து சுவரிலிருந்த சுவிட்சுகளைக் கழற்றினார். அந்தப் பள்ளங்களில் ரிமோட் சொல்வதைக் கேட்கிற சின்னப் பெட்டிகளை வைத்து, கண் மாதிரி ஒரு பொட்டுத் துளை மட்டும் விட்டு, மேலே வெள்ளைத் தகட்டால் மூடிவிட்டுப் போனார். வீடு மொட்டையாக இருக்கிறது என்று மாமியார் முணுமுணுத்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரிமோட்டில் இரண்டு பெரிய பொத்தான்கள் உண்டு. ஒன்று ‘படம்’. அழுத்தினால் டிவி உயிர்பெறும், ஸ்பீக்கர் தொண்டையைச் செருமும், ஒன்பது விளக்கும் அணையும். இன்னொன்று ‘தூக்கம்’. அதை அழுத்தினால் எல்லாமே அணையும். ஏழு மணிக்குப் படம், பத்துக்குத் தூக்கம். ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. மிச்ச நேரமெல்லாம் ரிமோட் அவர் சட்டைப் பையில் இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் சட்டையோடு ஆணியில் தொங்கும்.

மருமகளுக்கு அந்த ஏழிலிருந்து பத்து வரைதான் படிக்க நேரம். பகலெல்லாம் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை. சனிக்கிழமை ஒயர்மேன் பரீட்சை. அதில் தேறினால் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தால் தனியாக வேலை எடுக்கலாம். போன வருஷம் நாலு மார்க்கில் போய்விட்டது. மறுபடியும் கோட்டைவிட அவளுக்கு மனசில்லை. படுக்கையறையில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிற கணவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஆக, கூடத்து மூலையில் இருக்கும் மேசையை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. மேசைக்கு மேலிருக்கும் விளக்கோ மாமனாரின் சட்டைப் பையில்.

கேட்டுப் பார்த்தாள். இருட்டில் பார்த்தால்தான் படம் படமாக இருக்கும் என்றார் மாமனார். காலையில் எழுந்து படிக்கலாமே என்றார். ஏணியில் ஏறிக் கம்பி இழுக்கிற வேலைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். கணவனிடம் சொன்னாள். அவன் தண்ணீர்ப் பாட்டில் கம்பெனியில் மூடி திருகுகிற இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்பவன். வீட்டில் யாரோடும் மல்லுக்கு நிற்க அவனுக்குத் தெம்பு கிடையாது. அப்பாவைத்தான் தெரியுமே, கொஞ்சம் அனுசரித்துப் போ என்றான்.

“நாலு வருஷமா அனுசரிச்சாச்சு,” என்றாள் அவள்.

மறுநாள் மாமனார் குளிக்கப் போனதும் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். கடையில் உதிரியாகக் கிடந்த இன்னொரு ரிமோட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். இரண்டையும் மூக்கோடு மூக்கு வைத்து ஒன்றை அழுத்தினால் மற்றது கற்றுக்கொள்ளும். மேசை விளக்குக்கான கட்டளையை மட்டும் கற்பித்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் ரிமோட் பழையபடி பைக்குள் போய்விட்டது.

அன்று ஏழு மணிக்குப் படம் ஆரம்பித்தது. ஒன்பது விளக்கும் அணைந்தன. ஒன்று மட்டும் திரும்ப எரிந்தது. மாமனார் அணைத்தார். அது எரிந்தது. மறுபடி அணைத்தார். மறுபடி எரிந்தது. பேட்டரியை மாற்றினார், ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார், எலெக்ட்ரீஷியனின் வம்சத்தையே திட்டினார். மூலையில் மருமகள் தலை நிமிராமல் ‘எர்த் கம்பி இணைப்பு’ பாடத்தில் இருந்தாள். மூன்று நாள் இதே கூத்து.

நாலாம் நாள் அவர் ரிமோட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மருமகள் ஏதோ கடையில் பில் எழுதுகிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். கேட்டதில்லை. ரிமோட் சரிசெய்கிற இடம் எது என்று விசாரித்தவருக்கு மூன்று பேர் ஒரே கடையைக் கைகாட்டினார்கள். கடைக்காரர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் தொட எங்களிடம் ஒரே கைதான் இருக்கிறது என்று உள்ளே இருந்த மேசைக்கு அனுப்பினார். அங்கே பூதக்கண்ணாடி விளக்கின் கீழே, பிரித்துப் போட்ட ஏழெட்டு ரிமோட்டுகளுக்கு நடுவில், மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் போகவும் வழியில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர் ரிமோட்டை நீட்டினார். அவள் செல்போன் கேமராவை அதன் முனைக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினாள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஊதா வெளிச்சம் திரையில் மினுங்கியது. அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இதுல கோளாறே இல்ல மாமா. அந்த லைட்ட நான்தான் போட்டேன்.”

“நீயா?”

“நானேதான். மூணு நாளா. இன்னிக்கும் போடுவேன்.”

பின்னால் நின்றவர்களின் காது நீண்டதை மாமனார் பார்க்காமல் இல்லை. குரலைத் தாழ்த்தினார். “என் வீட்டுல எனக்கே எதிரா?”

“எதிரா இருந்தா உங்க டிவிய நிறுத்தியிருப்பேன். படத்துக்கு நான் குறுக்க வரல. என் தலைக்கு மேல ஒரே ஒரு லைட்டு.”

“அந்த ரிமோட்ட இங்க வை.”

 அவள் தன் பையைத் திறந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸை உரிய நேரத்துக்கு அனுப்பிவைத்த நடையோடு படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் ஆறரைக்கு அவள் கையில் ஒரு சுவிட்சோடு வீட்டுக்கு வந்தாள். நேராகப் போய் மெயினை அணைத்தாள். மின்விசிறி நின்றதில் விழித்துக்கொண்ட கணவன் வெளியே வந்தான். மூலைச் சுவரில் வெள்ளைத் தகட்டை அவள் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் கைக்கொரு ரிமோட்டாக நின்று இரண்டையும் மாறிமாறி அழுத்திப் பார்த்தார். வீட்டில் ஒன்றும் அசையவில்லை.

“லைசென்ஸ் இல்லாம வயர்ல கை வைக்கிறது தப்பு. தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும். அத வாங்கத்தான் படிக்க லைட்டு கேக்குறேன்.” கணவன் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: “டார்ச்சப் புடிங்க.”

அவன் அப்பாவைப் பார்த்தான். மனைவியின் கையைப் பார்த்தான். தன் வாழ்நாளில் அந்தக் கூடத்தைக் கடக்க அவனுக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை. போய் டார்ச்சைப் பிடித்தான்.  அவள் உள்ளே இருந்த பெட்டியைப் பிடுங்கி எடுத்தாள், இரண்டு கம்பிகளையும் சுவிட்சில் செருகி முறுக்கினாள், இழுத்துப் பார்த்தாள், சுவிட்சைச் சுவரோடு வைத்துத் திருகினாள். மெயினைப் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது.

ஏழு மணிக்கு மாமனார் ‘படம்’ பொத்தானை அழுத்தினார். எட்டு விளக்கு அணைந்தது. மற்ற ரிமோட்டையும் எடுத்து அழுத்தினார். பிறகு எழுந்து வந்து சுவிட்சுக்கு எதிரே நின்றார். மருமகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள். அவர் அணைக்கட்டும், மறுபடி போடலாம் என்று இருந்தாள். எத்தனை தடவை என்றாலும் போடலாம்.

அப்போது மாமியார் அன்றைய பேப்பரோடும் மூக்குக்கண்ணாடியோடும் வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க,” என்றார் கணவரிடம். “மூணு மாசமா தலைப்ப மட்டும் படிச்சுட்டு இருக்கேன்.”

அவர் நகர்ந்தார். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். படத்தில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தத்தைக் கூட்டினார், பிறகு குறைத்தார். திரையை விட்டுத் திரும்பாமலே கேட்டார்.

“பரீட்ச என்னிக்கு?”

“சனிக்கிழம.”

“அப்ப சனிக்கிழமையோட முடிஞ்சுது.”

“பரீட்சதான் முடியும் மாமா,” என்றாள் மருமகள், “லைட்டு அதுக்கப்புறமும் எரியும்.”