ஒரே முகவரியில் இரண்டு கணினிகள்

காலையிலிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முடிவுகள் திரையில் வருவதும் மறைவதுமாக இருந்தன. சர்வரைப் பார்த்துக்கொள்பவள் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தை நடத்தும் நாத்தனார் வாசலை மறித்து நின்றாள்.

"பன்னிரண்டுக்குள்ள சரியாகலேன்னா பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டு எழுந்திருங்க அண்ணி. வெளியாளை வச்சுக்கறேன்."

"நேத்து வயர் இழுத்தாரே உங்க எலக்ட்ரீஷியன், அவரைக் கேளுங்க."

"பழி போட ஆள் பிடிக்கறதுல உங்களை அடிச்சுக்க முடியாது."

வீட்டில் அவள் வெறும் அண்ணி. இந்த அறையில்தான் அவள் பேச்சு எடுபடும். அதையும் பிடுங்கப் பார்க்கிறாள் நாத்தனார்.

சர்வரான அந்த ஒரு லினக்ஸ் கணினிக்குள், தனித்தனி இயந்திரம்போலவே நடந்துகொள்ளும் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடின. ஒன்று முடிவுகளுக்கு, நேற்றுச் சேர்த்தது முன்பதிவுக்கு. விழித்ததும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நெட்வொர்க் முகவரி கேட்கும். லினக்ஸில் ஓடும் ஒரு சின்ன நிரல் வழங்கும். இரண்டுக்குள்ளும் நுழைந்து பார்த்தாள். இரண்டிலும் முகவரி 45. நெட்வொர்க் கார்டு எண்கள் வேறு வேறாகத்தானே இருக்கின்றன? இரண்டிலும் அடையாள எண் இருக்கும் ஃபைலைத் திறந்தாள். முப்பத்திரண்டு எழுத்துகளும் அச்சு அசலாக ஒன்றே.

எதிரில் நிற்பது யார் என்பதையே மறந்து நாற்காலியைத் திருப்பினாள்.

"இதைப் பாருங்க. முகவரி கொடுக்கற நிரல் கார்டு எண்ணைப் பாக்கலை, இந்த அடையாள எண்ணைத்தான் பாக்குது. லினக்ஸ் போடும்போது ஒரே தடவை உருவாகறது. டிஸ்க்கைக் காப்பி எடுத்தா இதுவும் ஒட்டிக்கிட்டு வந்துரும். பழைய ஆள்தான் திரும்பக் கேக்கறான்னு நினைச்சு அதே முகவரியைத் தூக்கிக் கொடுத்துடுது. அப்புறம் கடைசியா யார் குரல் கொடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் தகவல் போகும். காப்பியில இந்த ஃபைலைக் காலி பண்ணினா, அடுத்த தடவை புது எண் தானா வந்துரும்."

காலி செய்து காப்பியை மறுபடி இயக்கினாள். அதற்கு 46 கிடைத்தது. திரையில் முடிவுகள் மறையாமல் நின்றன. மணி பதினொன்றே முக்கால்.

"காப்பி எடுத்தது யாரு?" என்றாள் நாத்தனார்.

"நான்தான்."

"எவ்வளவு அழகா விளக்கினீங்க. இதையே வெளியில போய் எலக்ட்ரீஷியன்கிட்டயும் சொல்லுங்க, எல்லார் முன்னாலயும். இல்லேன்னா பாஸ்வேர்டு."

வரவேற்பு மேசையருகே எலக்ட்ரீஷியன் ஏணிமேல் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "தப்பு என்னோடதுங்க" என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. வயருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, பாஸ்வேர்டை மாற்றினாள். முன்பைவிட இரு மடங்கு நீளமாக.